ஜெபக்குழு ஆசிரியரிடம் ஜாமீன் கேட்கும் பையன்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், திருமங்கலம் பக்கம் குடியிருக்கிறேன். எங்கள் சபையிலிருந்து ஏழெட்டுப் பேர் அனுமதி பெற்று மதுரை மத்திய சிறைக்கு ஊழியத்துக்குப் போய் வருகிறோம். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம். கிறிஸ்துமஸ் சமயத்தில் கேக், சோப்பு, துண்டு. வழக்கமாக முன்வரிசையில் வந்து உட்காரும் ஒரு பையன், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரன், வயது இருபத்து மூன்று. மோட்டார் சைக்கிள் திருட்டு வழக்கு. ஜாமீன் உத்தரவாகி மூன்று வாரம் ஆகிறது. ஜாமீன் நிற்க ஆள் இல்லை. தகப்பன் இல்லை, தாய் பூப்பறிக்கும் கூலிவேலை செய்கிறார். "நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் வெளியே வந்துவிடுவேன், சார்" என்கிறான். என் மனைவி வீட்டுப் பத்திரத்தை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். "நமக்கு ஆத்துமாதான் பொறுப்பு, கோர்ட் அல்ல" என்கிறார் போதகர். அவன் சிறைக்குள்ளேயே ஞானஸ்நானம் எடுக்கவும் விரும்புகிறான், தாய்க்குத் தெரியக்கூடாதாம். போன முறை கிளம்பும்போது என் வேதாகமத்துக்குள் ஒரு சீட்டை வைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு செல்போன் எண்ணும், "பணத்தைத் தயார் செய்யச் சொல்லுங்கள்" என்ற வரியும் இருந்தன. இன்னும் யாரையும் கூப்பிடவில்லை. பவுல் சிறையிலிருந்து எழுதிய நிருபங்களையும் யாரோ சுமந்துதானே போனார்கள் என்று மனம் வாதாடுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

மதுரையைச் சேர்ந்த குற்றவியல் வழக்கறிஞரின் பதில்:

ஐயா, சீட்டைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

அந்த எண்ணைக் கூப்பிடாதீர்கள். உங்கள் போனிலிருந்தும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் போனிலிருந்தும் வேண்டாம். 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் 42ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தடைசெய்யப்பட்ட பொருளைச் சிறைக்குள் கொண்டுபோவதையும் வெளியே எடுத்துவருவதையும் அது குற்றம் என்கிறது. அதோடு நிற்காமல், விதிகளுக்குப் புறம்பாகக் கைதியோடு தொடர்பு கொள்வதையும், அப்படித் தொடர்புகொள்ள முயல்வதையும் அதே வரிசையில் வைக்கிறது. நீங்கள் அறியாமல் சீட்டு வந்தது என்றால் அது உங்கள் குற்றம் ஆகாது. படித்துப் பார்த்துவிட்டு எண்ணைச் சுழற்றினால் அந்த நிமிடம் முதல் நீங்கள் தூதுவர். பவுலின் நிருபத்தைச் சுமந்தவருக்கு அது யார் கைக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்பதெல்லாம் தெரியும். உங்களுக்கு இந்த எண் யாருடையது என்றே தெரியாது. அந்தப் பணம் வக்கீல் கட்டணமாக இருக்கலாம். புகார் கொடுத்தவரை வளைக்கவோ மிரட்டவோ திரட்டும் பணமாகவும் இருக்கலாம். உள்ளே யாரிடமோ பட்ட கடனாகவும் இருக்கலாம்.

இதில் இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். அந்தச் சீட்டு அவனுடையதாகவே இல்லாமல் போகலாம். வெளியாட்களோடு தாராளமாகப் பேசக் கிடைக்கும் இடம் ஜெபக்கூட்டம். சோதனையில் யாரும் வேதாகமத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லை. இது பழைய கைதிகளுக்கு நன்றாகத் தெரியும். புதிதாக வந்த, கேட்க ஆளில்லாத ஒரு பையனை முன்னால் அனுப்பி வேலையை முடித்துக்கொள்வது சிறைகளில் வழக்கமாக நடப்பதுதான். அதனால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்காதீர்கள். சிறையில் நல அலுவலர் ஒருவர் இருப்பார். நேரில் போய் அவரைப் பாருங்கள், சீட்டைக் கொடுங்கள், பையன் யாருடைய நெருக்கடியிலோ இருக்கலாம் என்று நீங்கள் நினைப்பதையும் சொல்லுங்கள். காட்டிக்கொடுப்பதுபோல உங்களுக்குத் தோன்றும். அவனுக்குச் சில நாள் சலுகைகள் பறிபோகவும் கூடும். ஆனாலும் அடுத்த சோதனையில் இதுபோன்ற சீட்டு வேறொருவர் பையில் பிடிபட்டால் உங்கள் குழுவின் அனுமதி அன்றோடு முடிந்தது. நீங்கள் வருவதை எண்ணிக் காத்திருக்கும் மற்றவர்களுக்கு அது நியாயமா?

அடுத்தது ஜாமீன். பத்திரத்தை ஒளித்துவைத்த உங்கள் மனைவிக்கு என் மரியாதை. ஆனால் அவர் பயப்படும் அளவுக்கு இதில் வீடு போய்விடாது. நீங்கள் நினைக்கும் அளவுக்கு ஒரு கையெழுத்தோடும் முடிந்துவிடாது.

ஜாமீன் நிற்பவர் நீதிமன்றத்துக்குக் கொடுப்பது ஒரே வாக்குறுதி: இவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவார். வராமல் ஓடிப்போனால் பிடிவாரண்ட் பிறக்கும், பிணைப்பத்திரம் பறிமுதலாகும், பத்திரத்தில் குறித்த தொகையை ஏன் கட்டக்கூடாது என்று உங்களுக்கு நோட்டீஸ் வரும். காரணம் சொல்லித் தொகையைக் குறைக்கும்படி கேட்கலாம். குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. கட்டவும் இல்லை, வசூலிக்கவும் முடியவில்லை என்றால் ஜாமீன்தாரரையே ஆறு மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 491ஆம் பிரிவு இது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 446ஆக இருந்தது. அவன் செய்த திருட்டுக்கு நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள். இடையில் நம்பிக்கை போய்விட்டால் 489ஆம் பிரிவின்படி மனுப்போட்டு விலகிக்கொள்ளலாம். அப்போது அவனைப் பிடித்து வந்து புது ஆளைக் கொண்டுவரச் சொல்வார்கள், கிடைக்காவிட்டால் மறுபடி உள்ளே.

ஆகவே கேட்க வேண்டியது அவன் நல்லவனா கெட்டவனா என்பது அல்ல. வாய்தாவுக்கு வருவானா? வராவிட்டால் அவனை எங்கே தேடுவது என்று உங்களுக்குத் தெரியுமா? அவன் வீட்டை நீங்கள் பார்த்ததில்லை. தாயிடம் பேசியதில்லை. அவன் மீது எத்தனை வழக்கு என்பதுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணீர்விட்டதை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போடுவதானால், நான் உங்கள் மனைவியின் பக்கம்.

வழக்கு எத்தனை என்பது சின்ன விஷயம் அல்ல. வண்டித் திருட்டில் பிடிபடும் பையன்கள் மீது பல காவல் நிலையங்களில் வழக்கு இருப்பது சகஜம். ஒன்றில் ஜாமீன் கிடைத்ததும் சிறையில் இருப்பவனைத் தன் வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் பி.டி. வாரண்ட் இன்னொரு நீதிமன்றத்திலிருந்து வந்திருக்கும். நீங்கள் ஒரு வழக்கில் பிணைகொடுத்துவிட்டுச் சிறை வாசலில் சாயங்காலம் வரை நிற்பீர்கள். அவன் வெளியே வரமாட்டான். முதலில் இதை அவனுடைய வக்கீலிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். வக்கீல் இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வக்கீல் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 12ஆம் பிரிவு கொடுத்திருக்கிறது. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் தாய் பெயரில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். தொலைபேசியில் கேட்க 15100.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த மூன்று வாரம். ஜாமீன் உத்தரவு ஆன பிறகும் ஏழை என்பதால் உள்ளே கிடப்பவர்களைப் பற்றி 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவான வழிகாட்டுதல்களைப் பிறப்பித்திருக்கிறது. ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் ஆள் அனுப்பி விவரம் அறிய வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே தானாகப் பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பையனுக்கு ஏழு நாள் என்றோ கடந்துவிட்டது. அவன் பெயர் அந்த அலுவலகத்துக்குப் போனதா என்று கேட்பதற்கு எந்தத் துணிச்சலும் தேவையில்லை.

இரண்டு ஜாமீன் என்று நிபந்தனை இருந்தால் அதை ஒன்றாகவோ, சொந்தப் பிணையாகவோ, ரொக்க வைப்பாகவோ மாற்றக் கேட்டு மனுப் போடலாம். ரொக்கம் என்று நீதிமன்றம் மாற்றினால் அதற்கும் கைகொடுக்க ஒன்று உண்டு. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் 2023இல் வந்தது. தொடக்க விதிகளின்படி விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை ஜாமீன் தொகையும், தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை அபராதமும் அதிலிருந்து கட்டலாம். போதைப்பொருள், ஊழல் தடுப்புச் சட்டம் போன்ற வழக்குகளுக்கு அது பொருந்தாது. வண்டித் திருட்டுக்குத் தடை இல்லை. அதற்கான குழுவும் மாவட்ட அளவில் செயல்படுவதுதான். ஆனால் யாராவது நினைவூட்டாமல் கோப்பு நகராது. நினைவூட்டுகிறவராக நீங்கள் இருங்கள்.

நீதிமன்ற வாசலில் டீக்கடைப் பக்கம் ஒருவர் வந்து, "ஆள் நான் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்பார். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் கையோடு வைத்திருப்பார். அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். போலி ஆவணத்தில் வெளியே வந்த பையன் மீது அடுத்த வழக்கும் சேரும். பணம் கொடுத்தவர் யார் என்றும் தேடுவார்கள்.

இத்தனையும் முயன்றபின், தாயைப் பார்த்தபின், ஊரில் சித்தப்பா, மாமன் என்று எவரும் முன்வராதபோது நீங்கள் நிற்பதானால் நில்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். தொகை எவ்வளவு என்று உத்தரவில் பாருங்கள். அது மொத்தமாகப் போனாலும் உங்கள் குடும்பம் சாப்பிடும் என்றால் மட்டும் நில்லுங்கள். மனைவிக்குச் சொல்லிவிட்டு நில்லுங்கள்.

போதகர் சொன்னதற்கு வருகிறேன். நான் சபைக்குப் போகிறவன் அல்லன். வேதத்தை வக்கீல் கண்ணால் படித்தவன். ஆதியாகமத்தில் யோசேப்பு சிறையில் பானபாத்திரக்காரனுக்குச் சொப்பனத்தின் பலன் சொல்கிறான். பிறகு யோசேப்பு கேட்டது என்ன? தன்னைப் பற்றிப் பார்வோனிடம் சொல்லி இந்த இடத்தைவிட்டு வெளியே எடுக்கும்படிதான் கேட்டான். வெளியே போனவன் மறந்துவிட்டான். யோசேப்பு மேலும் இரண்டு வருடம் உள்ளே கிடந்தான். இன்றும் அரசரடியில் 1865இல் கட்டிய அந்த மதிலுக்குள் கிடக்கும் பலருடைய கதை இதுதான். அவர்களைப் பற்றி யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்ல ஆளில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் இந்தியச் சிறைப்பணி அமைப்பு 1981இல் கேரளத்தில் தொடங்கியது. அவர்கள் வழிபாட்டோடு நின்றுவிடவில்லை. விடுதலையானவர்களுக்கு மறுவாழ்வு இல்லங்களும், கைதிகளின் பிள்ளைகளுக்குப் படிப்பும் அவர்கள் வேலையில் சேர்ந்தவை. ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிற்றை அதற்கென்றே வைத்திருக்கிறார்கள். உங்கள் போதகரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆத்துமாவையும் கோர்ட்டையும் பிரித்து வைப்பது வெளியே இருக்கிறவர்களுக்கு எளிது.

உங்கள் குழுவில் ஒருவராவது அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாத முதல்முறைக்காரர், தன் மீதுள்ள குற்றத்துக்கான உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. மூன்றாண்டுத் தண்டனை உள்ள திருட்டு என்றால், முதல்முறைக்காரருக்கு ஓராண்டு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய வழக்கில் இது கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தாலும் கிடைக்காது. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "எப்போது உள்ளே வந்தாய், தம்பி?" என்ற ஒரு கேள்வியை ஜெபம் முடிந்ததும் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதை நல அலுவலரிடம் கொடுத்தால் போதும்.

அதே மூச்சில் ஒரு கேள்வியைக் கேட்கவே கூடாது: "நீ செய்தாயா?" ஊழியக் கூட்டங்களில் எனக்குக் கலக்கம் தருவது சாட்சி சொல்லவைக்கும் பழக்கம். தண்டனை பெற்று, மேல்முறையீடும் முடிந்த ஒருவர் தன் பழைய வாழ்க்கையைச் சொல்வது அவர் விருப்பம். விசாரணைக் கைதி எழுந்து நின்று, "நான்தான் செய்தேன், ஆண்டவர் மன்னித்தார்" என்று சொன்னால், கேட்ட அத்தனை பேரையும் அரசுத் தரப்பு சாட்சியாகக் கூப்பிடலாம். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிட வேண்டியதில்லை என்று சட்டம் காக்கிறது. போதகரிடமும் பாதிரியாரிடமும் சொன்னதற்கு அந்தக் காப்பு 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும் இல்லை, அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் சட்டத்திலும் இல்லை. இப்படிப்பட்ட வாக்குமூலத்தை நீதிமன்றங்கள் வலுக்குறைந்ததாகத்தான் பார்க்கின்றன. ஆனாலும் அந்தப் பையனுக்கு எதிராக முதல் சாட்சிக்கூண்டில் ஏறுகிறவர் அவனுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியராக இருப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். பாவத்தைப் பற்றிப் பேசுங்கள், வழக்கைப் பற்றி வேண்டாம். அவனுடைய படத்தையோ பேச்சையோ சபையின் வாட்ஸ்அப்பில் போடுவது அதைவிட ஆபத்து.

ஞானஸ்நானம். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு தரும் உரிமை சிறை வாசலோடு நின்றுவிடாது. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் 2002இல் வந்து, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. இன்று அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை. ஆகையால் சட்டம் தடுப்பதால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவன் உங்களிடம் ஜாமீனும் கேட்கிறான், ஞானஸ்நானமும் கேட்கிறான். ஒன்றுக்காக மற்றொன்று என்று அவனே நினைத்துக்கொண்டிருந்தால்? பெற்றவளுக்குத் தெரியக்கூடாது என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. இருபத்து மூன்று வயதுக்காரனுக்குத் தாயின் அனுமதி தேவையில்லைதான். ஆனால் நாளைக்கு அவனை வீட்டில் ஏற்கப் போகிறவர் அவர் ஒருவர்தான். இன்னொன்று: அவன் பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்துவாக இருந்தால், கிறிஸ்தவனான பிறகு 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுவான். இதைச் சொல்லாமல் தண்ணீரில் இறக்குவது நேர்மை ஆகாது. வெளியே வரட்டும். ஜாமீன் கிடைத்து, உங்கள் தயவு எதுவும் தேவைப்படாத நிலையில், தன் காலில் நடந்து சபைக்கு வந்து கேட்கட்டும். அப்போது கொடுங்கள்.

இந்த வாரம் நீங்கள் போக வேண்டிய இடம் உசிலம்பட்டி. மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். அந்தத் தாய் உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார். விடியலுக்கு முன் பூப்பறிக்கப் போகிறவருக்கு மனு பார்க்க மதுரை வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. மகனைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேளுங்கள். வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், ஜாமீன் உத்தரவு நகல் மூன்றும் அவரிடம் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, வக்கீல் குமாஸ்தாவின் செல்போன் எண் மட்டும் ஒரு காலண்டரின் பின்புறம் எழுதியிருக்கும். அதுவே போதும், நூல் பிடித்துப் போய்விடலாம்.

வெளியே வந்த பிறகு நடப்பதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. என் அனுபவத்தில் பையன்கள் மறுபடி உள்ளே போவது அங்கேதான். ஜாமீன் உத்தரவில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. பத்தரைக்குக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு எந்தக் கொத்தனார் வேலை கொடுப்பார்? சில நாள் போவான், பிறகு வேலைக்காக விட்டுவிடுவான். அதைக் காரணம் காட்டி ஜாமீனை ரத்துசெய்யக் கேட்பார்கள். நீங்கள் ஜாமீன்தாரராக இருந்தால் அந்த நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வரும். சபையில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்கள் இருப்பார்கள். முதல் சில வாரங்கள் முறைபோட்டு அவனை நிலையத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட தேதிகளை ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். ஒழுங்காகப் போட்டதற்கு அந்தக் கணக்கைக் காட்டி, வாரம் ஒருமுறை என்று தளர்த்தும்படி அதே நீதிமன்றத்தில் மனுப் போடலாம்; சாதாரணமாகத் தளர்த்துவார்கள். மனுப் போடும் வக்கீலை ஆணைக்குழுவே தரும். சபையில் கட்டடக் காண்ட்ராக்டர் யாராவது இருந்தால், அதற்குள் அவரிடம் பேசி வையுங்கள். பையன் வேலைக்கு பதினொரு மணிக்குத்தான் வருவான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.